உயர்குடித் தாய்–சேய் உருவப்படம்

ஐரோப்பிய அரச, பிரபு குடும்பங்களில் தாயையும் பிள்ளையையும் ஒருசேர வரையச் செய்யும் வழக்கம், கன்னி மரியாள் குழந்தை இயேசுவை ஏந்தியிருக்கும் தேவாலய ஓவியங்களின் அமைப்பைத் தழுவி வளர்ந்ததாயினும், அதன் முதன்மை நோக்கம் பக்தியன்று; குடும்பத்துக்கு வாரிசு உண்டென்று ஊரறியச் செய்வதே.

இதைத் தெளிவாகக் காட்டுவது, 1545இல் புரோன்சினோ தீட்டி, இன்று ஃபுளோரன்சின் உஃபிசி காட்சியகத்தில் உள்ள படம். ஃபுளோரன்சை ஆண்ட கோமகன் முதலாம் கோசிமோவின் மனைவி எலியனோரா, மகன் ஜியோவானியை ஒரு கையால் அணைத்தபடி அமர்ந்திருக்கிறார். முகத்தில் சலனமே இல்லை. கறுப்பும் பொன்னுமாகக் கோலமிட்ட வெண்பட்டு உடையில், மார்பின் நடுவே மகப்பேற்றின் குறியீடான மாதுளை பெரிதாக விரிந்துள்ளது. முகத்தைவிட உடைக்கே ஓவியர் மிகுதியாக உழைத்தாரோ என்று எண்ணத் தோன்றும். எலியனோரா 11 பிள்ளைகளைப் பெற்றவர்.

செவிலியரிடம் விடாமல் தாயே பாலூட்ட வேண்டுமென்று மெய்யியலாளர் ரூசோ ‘எமில்’ (1762) நூலில் வற்புறுத்திய காலத்தில், தாய்ப்பாசமே பெருமைக்குரிய காட்சிப்பொருளாயிற்று. ஈகை என்னும் அறத்தைப் பிள்ளைகள் சூழ்ந்த பெண்ணாக உருவகிக்கும் பழைய மரபைப் பின்பற்றி, ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1773இல் காக்பர்ன் சீமாட்டியை மூன்று ஆண்மக்களுடன் வரைந்தார். அம்மூவரில் ஒருவனான ஜார்ஜ் பிற்காலத்தில் கடற்படைத் தளபதியாகி, 1814இல் வாஷிங்டனுக்குத் தீ வைத்த படையெடுப்பில் முன்னின்றான் என்பது படத்தின் கொழுகொழுப் பிள்ளைகளைப் பார்ப்பவர்க்கு எளிதில் நம்பக்கூடியதன்று.

பிரான்சில் பாசம் அரசியல் மருந்தாகவும் பயன்பட்டது. வைர அட்டிகை மோசடியால் பெயர் கெட்டிருந்த அரசி மரீ அந்துவானெத்தைப் பொறுப்புள்ள தாயாகக் காட்ட, விஜே லெப்ரன் 1787இல் அவரைப் பிள்ளைகளுடன் தீட்டினார். நகைப்பேழை பின்புற இருளில் ஒதுங்கியிருக்க, மூத்த மகன் வெற்றுத் தொட்டிலைக் காட்டுகிறான்; அவ்வாண்டே இறந்த கைக்குழந்தை சோஃபிக்குரியது அது. படம் உருக்கமானதுதான், அரசியின் மீதான வெறுப்பை அதனால் மாற்ற இயலவில்லை.

இந்தியாவில் இம்மரபின் எண்ணெய்வண்ண முறையைக் கையாண்ட ராஜா ரவி வர்மா, ‘இதோ அப்பா வருகிறார்’ (1893) என்ற ஓவியத்தில் தம் மகள் மகாபிரபாவைக் கைக்குழந்தையுடன் வரைந்தார். தாய்வழி மரபுக் குடும்பத்துப் படமாதலால், தலைப்பில் வரும் தந்தை படச்சட்டத்துக்கு வெளியே நிற்பது பொருள் பொதிந்தது. மகாபிரபாவின் மகள் சேது லட்சுமி பாய், திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்தெடுக்கப்பட்டு, 1924 முதல் 1931 வரை அந்நாட்டை ஆண்டார்.