என்சிக்லோபேடியா லிப்ரே

என்சிக்லோபேடியா லிப்ரே என்பது, ஸ்பானிய விக்கிப்பீடியாவிலிருந்து பிரிந்த பயனர்கள் 2002, பெப்ரவரி 26 அன்று தொடங்கிய இணையக் கலைக்களஞ்சியம் ஆகும். ஸ்பானிய மொழியில் இப்பெயருக்குக் "கட்டற்ற கலைக்களஞ்சியம்" என்பது பொருள். ஸ்பெயினிலுள்ள செவில்லா பல்கலைக்கழகம் தனது வழங்கியில் இதற்கு இடமளித்தது.

பிரிவின் பின்னணி

ஸ்பானிய விக்கிப்பீடியா 2001 மே மாதம் தொடங்கப்பட்டது. அப்போது விக்கிப்பீடியாவை போமிஸ் என்னும் அமெரிக்க வணிக நிறுவனம் நடத்தி வந்தது. 2002 பெப்ரவரியில், விக்கிப்பீடியாவில் விளம்பரங்கள் இடம்பெறக்கூடும் என அதன் இணை நிறுவனர் லாரி சாங்கர் குறிப்பிட்டார். ஊதியமின்றித் தாம் எழுதியவை ஒரு நிறுவனத்தின் வருவாய்க்குப் பயன்படுவதை ஸ்பானியப் பயனர்கள் பலர் ஏற்கவில்லை. கட்டுரைகள் க்னூ தளையறு ஆவண உரிமத்தின் கீழ் இருந்தமையால், அவற்றைப் படியெடுத்துப் புதிய தளம் தொடங்க எவரது இசைவும் தேவைப்படவில்லை.

விளைவுகள்

முனைப்பான பங்களிப்பாளர்களுள் பெரும்பாலோர் வெளியேறியதால் ஸ்பானிய விக்கிப்பீடியாவின் வளர்ச்சி தேங்கியது. 2002 ஆகஸ்டில் விக்கிப்பீடியா, வணிகத் தளங்களுக்கான இணைய முகவரியைக் கைவிட்டு, இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கான முகவரிக்கு மாறியது. 2003 ஜூனில் அதனை நடத்தும் பொறுப்புக்கென விக்கிமீடியா நிறுவனம் உருவாக்கப்பட்டது. விளம்பரங்கள் இடம்பெறவே இல்லை. புதிய பயனர்கள் சேர்ந்ததைத் தொடர்ந்து, 2004 ஆம் ஆண்டில் ஸ்பானிய விக்கிப்பீடியா கட்டுரை எண்ணிக்கையில் என்சிக்லோபேடியா லிப்ரேயை முந்தியது.