செஞ்சோற்றுக் கடனும் பேகூர்க் கற்களும்

ஓசூரிலிருந்து பெருஞ்சாலை வழியே பெங்களூர் செல்வோர் ஹெப்பகோடியைக் கடந்து போகின்றனர். தொழிற்சாலைகள் நெருங்கிய அவ்வூருக்கு வடமேற்கே, சில கல் தொலைவில், பேகூர் என்னும் பழைய ஊர் இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பகுதியைக் கங்க மன்னர் ஆண்டனர். அக்காலத்து வீரக்கற்கள் இரண்டை பேகூர் நமக்குக் காத்து வைத்துத் தந்துள்ளது. பிறர் காட்டிய அருளைப் பெற்ற மனிதன் அதற்கு ஈடாகத் தன்னையே தர முற்படுவது ஏன் என்பதை ஆராயப் புகும் நமக்கு இவ்விரு கற்களும் நல்ல சான்றுகளாகும்.

ஒரு கல் நாகேசுவரர் கோயிலில் உள்ளது. காலம் ஏறத்தாழ கி.பி. 890. பெங்களூர் என்னும் பெயரைக் கூறும் மிகப் பழைய கல்வெட்டு இதுவே என்பர். பெங்களூர்ப் போரில் நாகத்தரனுடைய மகன் புட்டண செட்டியும், அவனுடைய மனைமகன் பெர்வோன செட்டியும் மாண்டனர் என்பதே இதன் செய்தி. மனைமகன் என்பதற்கு வீட்டுப் பணியாள் என்று அறிஞர் பொருள் கூறுவர். பணியாளனை வீட்டின் மகன் என அழைத்த அச்சொல்லின் கனிவை நாம் உன்னிப் பார்த்தல் வேண்டும். பெற்ற மகன் வீழ்ந்த களத்திலேயே அவனும் வீழ்ந்தான். கல்லும் இருவர் பெயரையும் ஒருங்கே தாங்கிற்று.

மற்றொரு கல் இன்று பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யானையும் குதிரையும் வீரரும் மோதும் போர்க்காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. கங்க மன்னன் எறெயப்பன், அய்யப்பதேவனுக்குத் துணையாக, வீரமகேந்திரனை எதிர்க்க நாகத்தரனை அனுப்பினான். தும்பெபாடியில் போர் கைதவறிய நிலையிலும் நாகத்தரன் யானைப்படையை எதிர்த்து நின்று மாண்டான். அது கேட்ட மன்னன், இருகன் என்பவனுக்கு நாகத்தரன் என்னும் பட்டத்தையும் பேகூரைச் சார்ந்த பன்னிரண்டு ஊர்களையும் அளித்தான்.

இவ்வுணர்வையே தமிழர் செஞ்சோற்றுக் கடன் என்றனர். களத்தில் இறந்தோரின் சுற்றத்தார்க்கு விடப்பட்ட நிலத்தை உதிரப்பட்டி என்றனர். தன்னைக் காத்த தலைவனின் கண்கள் நீர் மல்க இறக்கும் பேறு கிடைக்குமாயின், அதனை இரந்தேனும் பெறலாம் என்பது வள்ளுவர் கருத்து. வீரன் பொன்னைக் கேட்கவில்லை. தலைவனின் கண்ணீரையே கேட்டான். கூலிக்கும் அன்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே அன்றோ?

ஆயினும் இவ்வுணர்வு எல்லை கடந்ததும் உண்டு. ஹொய்சள மன்னன் இரண்டாம் வீரவல்லாளன், குவர லட்சுமனை மகனைப் போல வளர்த்துப் படைத்தலைவனாக்கினான். 1220இல் மன்னன் மறைந்தபோது, லட்சுமன் தன் மனைவியோடும் வீரரோடும் உயிர்நீத்தான். ஹளேபீட்டிலுள்ள தூண் ஒன்று அச்செய்தியை இன்றும் கூறுகிறது. அவன் அன்பை நாம் குறைகூற முடியாது. ஆனால், வல்லாளனுக்குப் பின் அரியணை ஏறிய நரசிம்மனுக்கு அத்தகைய ஒருவனுடைய துணை கிட்டாமற் போயிற்று. தும்பெபாடியில் மாண்டவன் பிறரைக் காக்கும் பணியில் மாண்டான். லட்சுமனோ, காத்தற்குரிய பணி எஞ்சியிருக்கையிலேயே தன்னை முடித்துக்கொண்டான்.

ஆகவே, பெற்ற அருளுக்குச் சிறந்த கைம்மாறு உயிரை இழப்பதன்று. அருளியவர் பேணியவற்றைத் தாமும் பேணுவது. அதற்கு உயிரே விலையாகுமாயின், அதற்கும் அஞ்சாமை வீரமாகும். மகன் என்று ஒரு பணியாளை அழைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. அவ்வொரு சொல் மனிதனை எவ்வளவு உயரத்திற்கு ஏற்றிவிடும் என்பதை, பேகூர்க் கல் பதினொரு நூற்றாண்டுகளாக நமக்கு உரைத்து வருகிறது.