சுவர் இல்லாத எல்லை

மட்டக்களப்புக் கோட்டையைப் பார்த்துவிட்டு வரும் மாணவர்கள் கேட்பதுண்டு: “நம்மட ஊர்களில் ஏன் சேர் கோட்டை இல்லை?” நியாயமான கேள்விதான். ஆனால் எல்லையைக் காப்பது கல் மட்டுமல்ல.

போர்த்துக்கேயர் 1624இல் திருகோணமலையிலும் 1628இல் மட்டக்களப்புப் புளியந்தீவிலும் கோட்டை கட்டினர். கண்டி இராச்சியத்தின் கடல் வாசல்களை அடைப்பதே நோக்கம். இவ்விரண்டு கோட்டைகளுக்கும் நடுவே, 1626இல், தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றக் கட்டளையிட்டனர். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான். இதை எழுதி வைத்தவர் குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார். நம்மீது அன்பு கொண்டவரல்லர். ஆதலால் சாட்சியம் வலுவானது.

மேடைகளில் இதை ‘அடைக்கலம்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மன்னனின் பெருந்தன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் மலைநாட்டிலிருந்து பல நாள் நடைதூரத்தில் கிடந்த இக்கரையில் நிரந்தரப் படை வைத்துச் சோறு போடுவது கண்டிக்கு எளிதல்ல. வயலை விளைவித்து, தவளமாடு ஓட்டி, பறங்கியோடு ஒருநாளும் சேராதிருக்கும் குடிகளே அவனுக்குத் தேவைப்பட்டனர். விரட்டப்பட்டவர்களை விட அதற்குப் பொருத்தமானவர் யார்? நம்மை வெறும் விருந்தாளிகளாகக் காட்டும் எழுத்துகள் இந்தக் கணக்கைப் பார்ப்பதேயில்லை.

கல்லாலான கோட்டையோ பத்தாண்டுகளே போர்த்துக்கேயரிடம் நின்றது. 1638 மே மாதம் ஒல்லாந்தரும் இரண்டாம் இராஜசிங்கனும் சேர்ந்து அதைப் பிடித்தனர்.

கண்டியின் காவல் முறையே வேறு. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு ஏறத்தாழ இருபதாண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில் அதை விவரிக்கிறார். பாதைகளில் முள்ளாலான கதவுகள். ஒவ்வொன்றிலும் சில காவலர்கள். கடந்து செல்வோர் களிமண்ணில் பதித்த முத்திரையைக் காட்ட வேண்டும். போர்வீரனுக்கு ஒரு உருவம், வெள்ளைக்காரனுக்குத் தொப்பியும் வாளும் கொண்ட உருவம். எத்தனை பேரோ அத்தனை பதிவுகள். நெல்லும் உப்பும் கருவாடும் மலையேறியதும் பாக்கு இறங்கி வந்ததும் இத்தகைய கடவைகளைத் தாண்டித்தான் என்று கொள்ளலாம்.

1766 உடன்படிக்கையில் கரையோரம் முழுவதும் கண்டியின் கையைவிட்டு ஒல்லாந்தரிடம் போயிற்று. குடிகள் இருந்த இடத்திலேயே இருந்தனர். முள் மக்கிப்போனது, களிமண் கரைந்தது; கூலியாளுக்குரிய முத்திரையில் இருந்தது மட்டும் நொக்ஸின் பக்கத்தில் எஞ்சியிருக்கிறது: காவுதடியின் இரு முனையிலும் பொதி தொங்க நடக்கும் ஒரு மனிதன்.