துப்பாக்கியில் எது துப்பாக்கி?

லாரி வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். நாமக்கல்லில் பாடி கட்டுகிறார்கள். சில வருடம் ஓட்டியபின் பழைய பாடியைக் கழற்றிவிட்டு வேறு கட்டிக்கொள்ளலாம். டயர், கேபின், ஏன், எஞ்சின்கூட மாறலாம். ஆனால் சேஸிஸில் பொறித்த எண் மாறாது. ஆர்.சி. புத்தகத்துக்கு வண்டி என்றால் அந்த எண்தான்.

இன்று அமெரிக்க ராணுவத்தினர் இடுப்பில் இருக்கும் கைத்துப்பாக்கியும் கிட்டத்தட்ட இந்த லாரி மாதிரிதான். அது அப்படி ஆன கதை கொஞ்சம் நீளமானது.

1785இல் தாமஸ் ஜெஃபர்சன் பிரான்ஸில் அமெரிக்கத் தூதராக இருந்தார். ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழிலாளி அவருக்கு ஒரு வேடிக்கை காட்டினார். ஐம்பது துப்பாக்கிகளின் விசைப் பூட்டுகளைப் பிரித்து, உறுப்புகளை வகைவகையாகப் பெட்டி அறைகளில் போட்டு வைத்திருந்தார். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தானே சில பூட்டுகளைச் சேர்த்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின.

இதில் என்ன அதிசயம் என்று இன்று தோன்றும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும் அரத்தால் ராவி ராவிச் செய்தது. ஒன்றின் திருகு இன்னொன்றில் ஏறாது. போர்க்களத்தில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால், கைதேர்ந்த கொல்லர் ஒருவர் வந்து அதற்கென்றே புதிதாகச் செய்தால்தான் உண்டு.

அமெரிக்காவில் எலி விட்னி 1798இல் பத்தாயிரம் துப்பாக்கிகள் செய்துதர அரசுடன் ஒப்பந்தம் போட்டார். இரண்டரை வருடத்துக்குள் முடிப்பதாகச் சொன்னவர் கொடுத்து முடித்தது 1809இல். உறுப்பு மாற்றும் முறையின் தந்தை என்று அவரைப் பாடப் புத்தகங்கள் புகழ்ந்தன. ஆனால் மிஞ்சியிருக்கும் அவருடைய துப்பாக்கிகளைப் பிற்கால ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. உண்மையில் அதைச் செய்துகாட்டியவர் ஜான் ஹால். 1820களில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச் சாலையில், இயந்திரங்களையும் அளவு பார்க்கும் கருவிகளையும் வைத்து அவர் சாதித்தார். அந்த வித்தைதான் பிறகு தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் காருக்கும் போனது.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. துப்பாக்கிகள் எல்லாம் ஒரே அளவு, அவற்றைப் பிடிக்கும் கைகளோ ஒரே அளவல்ல. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911இல் ராணுவம் ஏற்ற .45 கைத்துப்பாக்கி ஒரு கிலோவுக்கு மேல் எடை. முக்கால் நூற்றாண்டு காலம் பெரிய கை, சிறிய கை எல்லாருக்கும் அதேதான். 1938இல் கோல்ட் நிறுவனம் அதற்கு ஒரு மாற்று செட் விற்றது. மேல்பகுதியையும் குழலையும் மாற்றினால், அதே அடிப்பகுதியில் விலை குறைந்த .22 தோட்டாவை வைத்துப் பயிற்சி செய்யலாம். தோட்டா அளவை மாற்ற வழி வந்தது, பிடி மட்டும் அப்படியே இருந்தது.

1985இல் அதன் இடத்துக்கு இத்தாலிய பெரெட்டா வந்தது. பதினைந்து தோட்டாக்கள் இரண்டு வரிசையாகப் பிடிக்குள் உட்காருவதால் பிடி தடித்துப்போனது. ராணுவத்தில் பெண்கள் பெருகிய காலம் அது. சிறிய விரல்களுக்கு விசை எட்டுவது சிரமமாக இருந்தது.

இதற்கிடையே தோட்டா அளவு பற்றிய சண்டை வேறு. 1986இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் இறந்தார்கள். 9 மி.மீ. போதாது என்ற பேச்சு எழுந்து, 1990இல் .40 தோட்டா வந்தது. போலீஸ் துறைகள் வரிசையாக அதற்கு மாறின. கால் நூற்றாண்டு கழித்து எஃப்.பி.ஐ.யே மறுபடி 9 மி.மீ.க்குத் திரும்பியது.

இந்த இரண்டு தலைவலிக்கும் ஒரே மருந்தாக சிக் சாவர் நிறுவனம் 2007இல் பி250, 2014இல் பி320 என்ற துப்பாக்கிகளைக் கொண்டுவந்தது. விசையும் அதைச் சார்ந்த நுண்ணிய உறுப்புகளும் ஒரு சிறிய எஃகுக் கூட்டில் இருக்கும். அதை வெளியே எடுத்து சிறிது, நடுத்தரம், பெரிது என்று வேண்டிய பிளாஸ்டிக் பிடிக்குள் வைத்துக்கொள்ளலாம். மேல்பகுதி, குழல், தோட்டா உறை மூன்றையும் மாற்றினால் தோட்டா அளவும் மாறும்.

ராணுவம் 2015இல் புதிய கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பம் கேட்டது. அந்த ஆவணம் 350 பக்கத்துக்கு மேல். ஒரு கைத்துப்பாக்கி வாங்க இத்தனை காகிதமா என்று தரைப்படைத் தளபதி மார்க் மில்லியே வெளிப்படையாகச் சலித்துக்கொண்டார். 2017 ஜனவரியில் 58 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம் சிக் சாவருக்குக் கிடைத்தது. போட்டியிட்ட கிளாக் நிறுவனத்தின் ஆட்சேபம் அதே ஜூனில் தள்ளுபடியானது.

வேடிக்கை என்னவென்றால், ராணுவம் வாங்கியது எல்லாமே 9 மி.மீ.தான். தோட்டா அளவு மாற்றும் வசதி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கைக்குத் தகுந்த பிடிதான் பயன்பட்டது.

அதே 2017இல் ஒரு சங்கடமும் வந்தது. பொதுமக்களுக்கு விற்ற பி320 குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்தது. பிடியை மாற்றித் தீர்கிற பிரச்சினை அல்ல அது. நிறுவனம் விசை முதலிய உள் உறுப்புகளை மாற்றித்தர முன்வந்தது. விசையைத் தொடாமலே வெடித்தது என்று பிறகும் பல வழக்குகள் வந்தன. நிறுவனம் அதை மறுக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1968ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, எண் பொறிக்க வேண்டிய அடிப்பகுதிதான் துப்பாக்கி, மற்றதெல்லாம் உதிரி பாகம். பழைய துப்பாக்கியில் அந்த அடிப்பகுதியிலேயே பிடியும் சேர்ந்திருந்தது. பி320இல் எண் இருப்பது அந்தச் சிறிய எஃகுக் கூட்டில். பிடியில் உள்ள சின்ன ஜன்னல் வழியாக அது தெரியும். லைசென்ஸ் உள்ள கடைக்காரர் வாங்குபவரின் பின்னணியை விசாரித்து விற்பது அந்தக் கூட்டை மட்டும்தான். கையில் பார்க்கிற பிடியையும் குழலையும் சாதாரண சாமான் போல வாங்கிவிடலாம்.

பிளாங்க் காலத்தில் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே உறுப்பு பொருந்த வேண்டும் என்று பாடுபட்டார்கள். இப்போது ஒரே துப்பாக்கி எல்லாக் கைக்கும் பொருந்துகிறது. சிறிய கை கொண்ட வீராங்கனைக்கு அது நியாயம்தான். ஆனால் எந்தக் கைக்கும் பொருந்தும் என்று ஆனபிறகு, அது எந்தக் கைக்குப் போனது என்று தேட மிஞ்சியிருப்பது உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கூட்டின் எண் ஒன்றுதான்.