கடல் கடந்த கோடை வகுப்பு



மே மாதம் பிறந்தால் நம் பங்குகளில் விடுமுறை மறைக்கல்வி தொடங்கிவிடும். ஆலய வளாகத்தில் பந்தல், செயல்பாடல்கள், வண்ணத்தாள், பதினொரு மணிக்குச் சுண்டல், கடைசி நாளில் பேரணி. இப்போது இதனோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கான கோடைக்கால முகாம்களில் தொண்டு செய்ய நம் இளையோர் சிலர் வெளிநாடு போகிறார்கள். வெளிநாட்டு இளையோர் நம் ஊர்களுக்கும் வருகிறார்கள். மூன்று வாரம் தங்கி, பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு, கண்ணீரோடு விடைபெறுகிறார்கள். "சாமி, இதனால் அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நன்மை உண்டா?" என்று தாய்மார் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. இந்த வழக்கம் எங்கே தொடங்கி எப்படிக் கடல் கடந்தது என்று பார்த்தால் அந்தக் கேள்விக்கு விடை தேடலாம்.

நாம் ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கோடையில் பிள்ளைகளைத் திரட்டும் இன்றைய முறையைப் பெருமளவு உருவாக்கியவர்கள் நம் பிரிந்த சகோதரர்கள். 1868-ஆம் ஆண்டு, வட வேல்ஸ் நாட்டிலுள்ள லாண்டுட்னோ என்ற கடற்கரை ஊரில், ஜோசையா ஸ்பையர்ஸ் என்ற இங்கிலாந்து இளைஞர் விடுமுறைக்கு வந்திருந்தார். கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, கடவுள் அன்பானவர் என்ற செய்தியை மணலில் பெரிய எழுத்துகளாக வரைந்தார். கிளிஞ்சலும் கூழாங்கல்லும் கடற்பாசியும் பொறுக்கி வந்து அந்த எழுத்துகளை அலங்கரிக்கச் சொன்னார். கதை கேட்கும் கூட்டம் நாளுக்கு நாள் வளர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இலண்டனில் தொடங்கியிருந்த சிறுவர் ஊழியம், அதன்பின் கடற்கரை தோறும் பரவியது.

அமெரிக்காவில் கதை வேறு. 1894-இல் இல்லினாய் மாநிலத்தின் ஹோப்டேல் என்ற சிற்றூரில் மைல்ஸ் அம்மையார் என்ற ஆசிரியை, ஞாயிறு ஒரு மணி நேரம் போதவில்லை என்று கோடையில் சில வாரம் தினமும் விவிலிய வகுப்பு நடத்தினார். நான்கு ஆண்டு கழித்து நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி அதையே செய்தார். நெருக்கமான அடுக்குக் குடியிருப்புகள் நிறைந்த பகுதி அது. பள்ளி மூடிவிட்டால் பிள்ளைகளுக்குத் தெருதான் கதி. வகுப்புக்கு அவர் வாடகைக்குப் பிடித்த இடம் ஒரு பீர்க்கடை. நம் ஊரில் சாராயக்கடையில் மறைக்கல்வி என்றால் பங்குப்பேரவை என்ன சொல்லும் என்று நினைத்துப் பார்க்கிறேன்! 1901-இல் ராபர்ட் போவில் என்ற போதகர் இந்த முயற்சியை ஏற்று, இறையியல் மாணவர்களை ஆசிரியர்களாகச் சேர்த்து, நகரின் பல இடங்களுக்கு விரித்தார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அந்தத் தெருக்களில் இருந்த பிள்ளைகளில் பலர் புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கடல் கடந்து வந்தவை அந்தக் குடும்பங்கள். ஆசிரியர்கள் அதே நகரத்துக்காரர்கள். வகுப்பு முடிந்து செப்டம்பரில் பள்ளி திறந்த பிறகும் அந்த ஆசிரியரைப் பிள்ளை தெருவில் பார்க்கலாம், வணக்கம் சொல்லலாம்.

கத்தோலிக்கத் திருஅவையில் இதற்கு வழி திறந்தவர் எட்வின் ஒஹாரா என்ற அருள்தந்தை. ஒரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் பங்குத்தந்தையாக இருந்தவர். சுற்றிலும் பண்ணைகள், கத்தோலிக்கப் பள்ளிக்கு வரமுடியாத தொலைவில் சிதறிக் கிடந்த குடும்பங்கள். 1921-இல் அவர் கோடை மறைக்கல்விப் பள்ளிகளைத் தொடங்கினார். அருள்சகோதரிகளும் குருமாணவர்களும் ஊர்களுக்குப் போய்க் கற்பித்தார்கள். பின்னாளில் அவர் ஆயரானபோது நாடெங்கும் இது பரவியது. இதிலும் கடல் இல்லை. பண்ணை வீட்டுத் திண்ணைக்கும் பங்கு ஆலயத்துக்கும் இடையிலிருந்த தூரத்தைத்தான் அவர் குறைத்தார்.

கடல் கடந்த தொண்டு பெருகியது அடுத்த தலைமுறையில். அதற்கு விமானமும் ஒரு காரணம், திருத்தந்தையின் அழைப்பும் ஒரு காரணம். 1961 ஆகஸ்ட் 17 அன்று நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கத் துறவு சபைத் தலைவர்கள் கூடியிருந்தார்கள். புனித 23-ஆம் யோவானின் விருப்பத்தை அவர்களிடம் தெரிவித்தவர், பின்னாளில் கர்தினாலான அகோஸ்தினோ கசரோலி. ஒவ்வொரு சபையும் தன் உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கைப் பத்து ஆண்டுக்குள் இலத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்பதே அது. பொதுநிலையினருக்கான தொண்டர் அமைப்பு அதற்கு முந்தைய ஆண்டே உருவாகியிருந்தது. கல்லூரி மாணவர்களும் சும்மா இருப்பார்களா? கோடை விடுமுறை வந்ததும் அமெரிக்க, கனடா நாட்டுக் கத்தோலிக்க மாணவர்கள் மெக்சிக்கோவின் கிராமங்களுக்குப் புறப்பட்டார்கள். நல்ல மனத்தோடு போனார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த மாணவர் அமைப்பு 1968 ஏப்ரல் 20 அன்று இவான் இல்லிச் என்பவரை உரையாற்ற அழைத்தது. அவர் வியன்னாவில் பிறந்து, உரோமையில் 1951-இல் குருவானவர். நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ ஏழைகள் நிறைந்த பங்கில் பணிசெய்து அவர்கள் மொழியைக் கற்றவர். மெக்சிக்கோவின் குர்னவாக்கா நகரில் அவர் நிறுவிய மையத்தில், இலத்தீன் அமெரிக்காவுக்கு வரும் மறைப்பணியாளர்கள் எசுப்பானியம் கற்றார்கள். வந்தவர்களில் பலரை யோசிக்க வைத்துத் திருப்பி அனுப்பிய மையம் அது என்றும் சொல்வார்கள்.

மாணவர்கள் பாராட்டை எதிர்பார்த்திருக்கலாம். கிடைத்தது வேறு. அவர் பேசியதன் சாரம் இதுதான்: உங்கள் நல்ல எண்ணத்தை நம்பி இந்த மக்கள் மேல் வந்து விழாதீர்கள். நீங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாது; அவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதும் உங்களுக்குப் புரியாது. உங்கள் நாட்டு ஏழைத் தெருவுக்குப் போனால், பிடிக்காதபோது "போ வெளியே" என்று உங்கள் மொழியிலேயே உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். இங்கே அதைக்கூட உங்களிடம் யாராலும் சொல்லமுடியாது. பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ வராதீர்கள்.

கடுமையான பேச்சு. அளவுக்கு மீறிய பேச்சு என்றே நான் கருதுகிறேன். அவரும் அந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தவர்தானே! உதவவே வராதீர்கள் என்று சொல்லிவிட்டால் நம் கடற்கரை ஊர்களுக்கு நற்செய்தி வந்திருக்குமா? அடுத்த ஆண்டே அவர் குருத்துவப் பணியிலிருந்து விலகினார். அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. அன்று அவர் சுட்டிய இடம், வலிக்கவேண்டிய இடம்தான். பதில் பேச வழியில்லாதவரிடம் போய் நல்லது செய்பவன், தான் செய்தது நல்லதா என்பதை எப்படி அறிவான்? பெரியவர்கள் விஷயத்திலேயே இப்படி என்றால், மிட்டாய்க்கும் பாட்டுக்கும் ஓடிவருகிற ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பிள்ளை எல்லாரையும் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பை வைத்து நம் பணிக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளக்கூடாது.

இல்லிச்சுக்கு விடை சொல்லத் தகுந்த ஒருவர் நம் கரையிலேயே இருந்திருக்கிறார். புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் தம் சபையினருக்கு 1544 சனவரியில் எழுதிய கடிதத்தில் தாம் செய்ததைச் சொல்கிறார். இரு மொழியும் அறிந்தவர்களைத் தேடிக் கூட்டி உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், செபங்கள் ஆகியவற்றைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போனார். வந்த பிள்ளைகளிடம், இதை உங்கள் வீட்டாருக்கும் அயலாருக்கும் நீங்களே கற்றுக்கொடுங்கள் என்றார். நோயாளிகள் கூப்பிட்டபோது தமக்குப் பதிலாகப் பிள்ளைகளை அனுப்பினார். பிள்ளைகள் தமக்குச் செபிக்கவும் உண்ணவும் உறங்கவும் நேரம் விடுவதில்லை, இன்னொரு செபம் சொல்லிக்கொடு என்று மொய்க்கிறார்கள் என்றும் எழுதுகிறார்.

அந்தத் தமிழில் குறை இல்லாமல் இல்லை. 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதில், கடவுள் எனக்கு வேண்டும் என்று ஊரெல்லாம் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். பக்திக்குக் குறைவில்லை, ஆனால் பொருள் வேறு. யாரோ ஒரு தமிழர் அவருக்கு இதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். சொன்னால் கேட்டுக்கொள்வார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். 1544-இல் தம் தோழர் மன்சில்ஹாசுக்கு எழுதிய கடிதத்தில், 'வேணும்' என்றால் ஆசை, நம்பிக்கை அல்ல, அந்தச் சொல்லை மாற்றிவிடும் என்று சவேரியார் சொல்கிறார். புனிதர் என்று தெருவெல்லாம் கொண்டாடப்பட்டவர், தாம் கற்பித்த செபத்திலேயே திருத்தம் போட்டார்.

இன்னொன்றும் உண்டு. சவேரியார் இந்தக் கரையில் தொடர்ந்து தங்கியது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்தான். கொஞ்ச நாள் வந்துபோன தொண்டர்களில் அவரையும் சேர்க்கலாம். ஆனால் போகும்முன் ஊர்தோறும் உள்ளூர்க்காரரையே கணக்கப்பிள்ளையாகவும் உபதேசியாராகவும் அமர்த்தினார். அவர்களுக்குச் சம்பளம்? முத்துக்குளித்துறை வருமானத்தில் ஒரு பகுதி, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவு என்ற பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பணத்தில் ஆண்டுக்கு 4000 பணத்தை இந்த ஆசிரியர்களுக்கு அவர் கேட்டு வாங்கினார். அரசியின் செருப்புக் காசு உபதேசியாரின் சம்பளமானது.

அவருக்குப் பின் 1547-இல் வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழை இலக்கணத்தோடு கற்றார். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேல் இங்கேயே இருந்து 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். இரண்டு ஆண்டு இருந்தவரின் வேலை நிலைத்ததற்குக் காரணம், ஐம்பது ஆண்டு இருந்தவரும், பெயர் தெரியாத அந்தக் கணக்கப்பிள்ளைகளும்தான்.

கோடைக்கு வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோரே, உங்களிடம் வெளிப்படையாகவே பேசுகிறேன். நான் முன்பு இருந்த ஒரு பங்குக்கு வெளிநாட்டு இளையோர் பத்துப் பேர் வந்தார்கள். பண்பானவர்கள். வகுப்பை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். மொழிபெயர்க்க ஒருவர் நின்றார். பதினெட்டு ஆண்டாக அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவந்த எங்கள் மறைக்கல்வி டீச்சர் அந்த மூன்று வாரமும் அடுக்களையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. இடம் இல்லாததால் போய்விட்டார். விருந்தினர் போன பிறகு வந்த முதல் ஞாயிறு, "அந்த அக்கா மாதிரி கிட்டார் வாசிக்கத் தெரியுமா டீச்சர்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே பாடத்தைத் தொடங்கினார். இரண்டு மாதத்தில், வீட்டில் வேலை அதிகம் சாமி என்று சொல்லி நின்றுவிட்டார்.

மாறாக நடப்பதும் உண்டு. இத்தாலியப் பங்குகளில் ஜூனில் பள்ளி மூடியதும், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் சிறுவர்களை வழிநடத்துவதைப் பார்க்கலாம். அங்கே வெளியூர்க்காரர் யார் போனாலும், அந்தப் பதினாறு வயதுத் தலைவனுக்குக் கீழேதான் நிற்கவேண்டும். பந்து எடுத்துக் கொடுக்கலாம், மேசை துடைக்கலாம், மொழி கற்கலாம். இயேசு எழுபத்திரண்டு பேரை அனுப்பியபோது பையும் பணமும் வேண்டாம், போன வீட்டில் தருவதைச் சாப்பிட்டு அங்கேயே தங்குங்கள் என்று சொன்னதை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். அவர்களை விருந்தினராகத்தான் அனுப்பினார்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். 2002-இல் அமெரிக்க ஆயர்கள் டாலஸ் நகரில் கூடிப் பிள்ளைகளின் பாதுகாப்புக்கான சாசனத்தை ஏற்ற பிறகு, அந்நாட்டு மறைமாவட்டங்களில் பிள்ளைகளிடையே பணிசெய்ய வரும் தொண்டருக்குப் பின்னணிச் சோதனையும் பயிற்சியும் கட்டாயம். நம் பிள்ளைகளிடம் இந்தச் சான்றைக் கேட்டால் கோபப்பட வேண்டாம். கேட்காத முகாமைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

தொண்டுக்குப் போக என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ போகிற அந்த ஊரில் மற்ற பதினொரு மாதமும் அந்தப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிப்பவர் யார்? அவர் பெயரை விசாரித்து, அவருக்கு ஒரு மடல் எழுதி, நீ வந்து என்ன செய்யவேண்டும் என்று அவரையே கேட்டு, பதிலைக் கொண்டுவா; அன்றே கையெழுத்துப் போடுகிறேன். இதுவரை இரண்டு பேர் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருவருக்கு வந்த பதிலில், பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது, பேருந்திலிருந்து இறங்கும் சிறு பிள்ளைகளைக் கைபிடித்துச் சாலையைக் கடக்க வைக்கத்தான் ஆள் இல்லை என்று எழுதியிருந்தது. அந்தப் பெண் போய் அதைச் செய்துவிட்டு வந்தாள்.