ஒரே சுரவரிசையில் பல வண்ணங்கள்: மோடல் ஜாஸ் கிதாரின் தொடக்கக் காலம்

1959இல் நியூயார்க்கில் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டு, கார்டு எனப்படும் சுரக்கூட்டுகள் விரைந்து மாறிய பீபாப் எனும் ஜாஸ் பாணியின் வழக்கத்திலிருந்து விலகி, மோடு எனப்படும் ஒரே சுரவரிசையில் நெடுநேரம் தங்கிக் கற்பனையை விரிக்கும் மோடல் முறையை நிலைபெறச் செய்தது. அதிலுள்ள ‘சோ வாட்’டின் ஒரு சுற்று, பார் எனப்படும் தாள அளவில் 32 கொண்டது; முதல் 16 பார் டி சுரத்தில் தொடங்கும் டோரியன் மோடிலும், அடுத்த 8 அரைச்சுரம் உயர்ந்தும், எஞ்சிய 8 மீண்டும் டி டோரியனிலும் அமைகின்றன. டோரியன் கரகரப்பிரியாவின் சுரங்களையே உடையதாயினும், அதற்குக் கமக மரபு இல்லாமையால் ஒரே சுரவரிசையில் தங்கும் சுதந்திரமே எளிதில் சலிப்பாக மாறக்கூடியதாக இருந்தது.

அதற்கு மாற்றைக் கிதாரில் மிகத் தெளிவாகக் காட்டியவர் வெஸ் மாண்ட்கோமரி. 1961இல் சிறிது காலம் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கால்ட்ரேன் குழுவோடு வாசித்த அவர், ‘சோ வாட்’டின் கட்டமைப்பையே கொண்ட கால்ட்ரேனின் ‘இம்ப்ரெஷன்ஸ்’ உருப்படியில், பெருவிரலால் ஒற்றைச் சுரங்களை மீட்டித் தொடங்கி, ஒரே சுரத்தை இரு ஸ்தாயிகளில் சேர்த்தொலிக்கும் ஆக்டேவ் முறைக்கு நகர்ந்து, முழுக் கார்டுகளில் உச்சம் தொட்டார். சுரவரிசை மாறாதிருக்க ஒலியின் பருமன் மட்டும் மாறியதே இதன் நுட்பம். மற்றொரு கிதார் கலைஞரான கிராண்ட் கிரீனோ சிறு சுரத்தொடரொன்றை விடாது திருப்பி வாசித்து இறுக்கம் கூட்டினார்.

‘சோ வாட்’டில் பில் எவன்ஸ் பியானோவில் வாசித்த கார்டு, கீழிருந்து மூன்று சுத்த மத்திம இடைவெளிகளும் மேலே ஓர் அந்தர காந்தார இடைவெளியும் கொண்டது; கிதாரின் தாழ்ந்த ஐந்து தந்திகளை விரல் வைக்காமல் மீட்டினாலே அதே அமைப்பு ஒலிக்குமாதலால், மோடல் பாணி அக்கருவிக்கு இயல்பாகப் பொருந்தியதில் வியப்பில்லை.