விஎல்சியும் எம்எக்ஸ் பிளேயரும்: இரண்டு இலவசங்கள்

புதிதாக டேப்லெட் வாங்கியவர் யாராக இருந்தாலும், "காசு கட்டாமல் இதில் எதையெல்லாம் போட்டுக்கொள்ளலாம்?" என்று முதல் நாளே கேட்டுவிடுவார். பதிலாகக் கிடைக்கும் பட்டியல்கள் வசதிகளை எண்ணிக் காட்டுகின்றன: இது இத்தனை வகைக் கோப்புகளைத் திறக்கும், அதில் சப்டைட்டில் சேர்க்கலாம், இன்னொன்றில் திரையைப் பூட்டலாம். இந்த எண்ணிக்கை அடுத்த பதிப்பிலேயே மாறிவிடும். செயலி யாருடையது, அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள், நாளை அதை இன்னொருவருக்கு விற்க முடியுமா என்பவற்றை இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. பரிந்துரைக்கும் முன் பார்க்க வேண்டியது இவற்றைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதை விளக்க, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு செயலிகளை எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே பழகிய பெயர்கள்: விஎல்சி, எம்எக்ஸ் பிளேயர்.

வேலை எளிதானது. பென் டிரைவில் வந்த கல்யாண வீடியோ, இறக்கி வைத்த பாடம், சப்டைட்டில் கோப்போடு கூடிய பழைய படம், எதுவானாலும் தட்டினால் ஓட வேண்டும். டேப்லெட்டோடு வரும் பிளேயர் சில கோப்புகளில் படத்தைக் காட்டும், ஒலியைத் தராது. சிலவற்றைத் திறக்கவே மறுக்கும். அப்போதுதான் இந்த இரண்டில் ஒன்றைத் தேடிப் போகிறோம்.

விஎல்சி பிறந்தது 1996இல், பாரிசை அடுத்த ஷாட்டனே-மலப்ரியில் இருந்த எக்கோல் சென்ட்ரால் பொறியியல் கல்லூரியில். வளாகத்தின் கணினி வலையமைப்பை மாணவர்களே நடத்திவந்தார்கள். அது மெதுவானது, வேகமான வலை வேண்டுமென்றால் பணம் கொடுப்பவர்களிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும். அறைக்கு அறை ஆண்டெனாவும் பெட்டியும் வைப்பதற்குப் பதிலாக, செயற்கைக்கோள் தொலைக்காட்சியை வலை வழியாகவே எல்லோருக்கும் அனுப்பிக் காட்டுகிறோம் என்றார்கள். அனுப்பும் மென்பொருள் ஒன்றும் வாங்கிக் காட்டும் மென்பொருள் ஒன்றும் தேவைப்பட்டன. வாங்கிக் காட்டியதுதான் விஎல்சி. அதன் அடையாளமான ஆரஞ்சு நிறக் கூம்பும் அந்த மாணவர்கள் தெருவிலிருந்து எடுத்துவந்து சேர்த்து வைத்த சாலைக் கூம்புகளிலிருந்து வந்தது. 2001 பிப்ரவரியில் கல்லூரி நிர்வாகம் ஒப்புக்கொள்ள, நிரல் முழுவதும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு டேப்லெட்டில் விளம்பரம் வருமா வராதா என்பதை அந்த ஒப்புதல்தான் தீர்மானித்தது.

ஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். திருத்தி வெளியிடுகிறவர் தன் திருத்தத்தையும் அதே நிபந்தனையில் எல்லோருக்கும் திறந்துவைக்க வேண்டும். எழுதியவர் ஒவ்வொருவரும் தாம் எழுதிய வரிகளுக்கு உரிமையாளராகவே இருக்கிறார். எனவே விஎல்சியை மொத்தமாக வாங்கிப் பூட்டிக்கொள்ள ஒரு நிறுவனம் வந்தால், எழுதிய அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கியாக வேண்டும். இது எவ்வளவு கடினம் என்பதற்கு விஎல்சியின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 2011, 2012 வாக்கில் விஎல்சியின் இயந்திரப் பகுதியைச் சற்றுத் தளர்வான உரிமத்துக்கு மாற்ற அதை உருவாக்குபவர்களே முடிவு செய்தார்கள். அதற்காக, திட்டத்தை முன்னின்று நடத்தும் ழான்-பத்தீஸ்த் கெம்ப் பல நாடுகளில் பரவிக் கிடந்த நூற்றுக்கணக்கான நிரலாளர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது.

இந்த உரிமக் கட்டுப்பாடு பயனர்களையும் ஒருமுறை வெளியே நிறுத்தியது. 2010 செப்டம்பரில் ஐபேடுக்கு விஎல்சி வந்தது. ஆப்பிள் கடையின் நிபந்தனைகள் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகவில்லை என்று விஎல்சி நிரலாளர்களில் ஒருவரே ஆட்சேபித்தார். 2011 ஜனவரியில் செயலி கடையிலிருந்து நீக்கப்பட்டது. உரிமச் சிக்கலைத் தீர்த்துத் திரும்பக் கொண்டுவர 2013 ஜூலை ஆயிற்று. ஐபேடு வைத்திருந்தவர்கள் இரண்டரை ஆண்டு காத்திருந்தார்கள். கொள்கை உறுதிக்கு இப்படியும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது.

எம்எக்ஸ் பிளேயரின் தொடக்கம் வேறு. தென்கொரியாவின் ஜே2 இன்டராக்டிவ் என்ற சிறு நிறுவனம் 2011இல் அதை ஆண்ட்ராய்டுக்காகவே எழுதியது. விஎல்சி கணினியிலிருந்து தொடுதிரைக்கு வந்து சேர்ந்தது. ஆண்ட்ராய்டில் அதன் முதல் நிலையான பதிப்பு 2014 டிசம்பரில்தான் வெளியானது. அந்த மூன்று ஆண்டுகளில் எம்எக்ஸ் தனக்கென ஓர் உலகத்தைப் பிடித்துவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மையங்கள் கொண்ட சிப்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. எல்லா மையங்களுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுத்து, விலை குறைந்த கருவியிலும் கனமான வீடியோவை ஓட்டிக் காட்டினார்கள். சிப்பின் சொந்தத் திறனால் ஓட்டுவதா, மென்பொருளால் ஓட்டுவதா என்பதை ஒரே தட்டலில் மாற்றும் வசதி வைத்தார்கள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவது, திரையின் ஓரத்தில் விரலை இழுத்து ஒலியையும் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைப்பது, குழந்தை கையில் கொடுக்கும்போது திரையைப் பூட்டுவது என எல்லாமே விரலை மனத்தில் வைத்துச் செய்தவை. தொடுதிரையில் ஒரு பிளேயர் எப்படி இருக்க வேண்டும் என்று நம் ஊரில் பலருக்குக் கற்றுக்கொடுத்தது எம்எக்ஸ்தான். அந்தக் கொரியக் குழுவின் கைத்திறனை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இரண்டின் உள்ளேயும் ஓடுவது பெருமளவு ஒரே இயந்திரம். ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற நிரல் தொகுப்பைத்தான் இரண்டு செயலிகளும் கோப்புகளைப் பிரித்துப் படிக்கப் பயன்படுத்தின. அப்படியிருந்தும் ஒரே கோப்பு ஒன்றில் பேசும், மற்றதில் ஊமையாகும். இறக்கி வைத்த படத்தை எம்எக்ஸில் திறந்து, "ஒலி வகை ஆதரிக்கப்படவில்லை" என்ற அறிவிப்பைப் பார்த்தவர்கள் ஏராளம். டால்பியின் ஏசி3, ஈஏசி3, அதோடு டிடிஎஸ் ஆகிய ஒலி வகைகளுக்கு உரிமக் கட்டணம் தொடர்பான சிக்கல்கள் உண்டு. விற்பனைக்குப் பொருள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திடம் கட்டணம் கேட்க முடியும். எம்எக்ஸ் அந்த ஒலி வகைகளைத் தன் செயலியிலிருந்து எடுத்துவிட்டது. பயனர்கள் தனியாக ஒரு கோடெக் கோப்பைத் தேடி இறக்கிச் சேர்த்துக்கொண்டார்கள். விஎல்சியை வெளியிடும் வீடியோலேன், பிரான்சில் பதிவான லாப நோக்கற்ற சங்கம். மென்பொருள் காப்புரிமையைத் தங்கள் நாட்டுச் சட்டம் ஏற்பதில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. அதனால் விஎல்சி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்திருக்கிறது. ஒலி வருவதும் வராததும் இங்கே தொழில்நுட்பத்தைப் பொறுத்ததாக இல்லை. செயலி எந்த நாட்டில், எந்த வகை அமைப்பின் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததாக இருக்கிறது.

2018இல் டைம்ஸ் இன்டர்நெட் நிறுவனம் சுமார் 1,000 கோடி ரூபாய்க்கு எம்எக்ஸ் பிளேயரின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. கோப்பை ஓட்டும் செயலிக்கு இவ்வளவு விலையா என்றால், விலை செயலிக்கு மட்டும் அல்ல. கோடிக்கணக்கான இந்தியத் திரைகளில் அது ஏற்கெனவே இடம்பிடித்திருந்தது. அந்த இடத்துக்குத்தான் விலை. 2019 பிப்ரவரியில் அது விளம்பரத்தோடு கூடிய இலவச ஓடிடி தளமாக மாறியது. பிளேயர் என்று நினைத்து முன்பே நிறுவியவர்கள் ஒரு அப்டேட்டில் தொலைக்காட்சியைப் பெற்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சீனாவின் டென்சென்ட் தலைமையில் சுமார் 11 கோடி டாலர் முதலீடு வந்தது. 2020இல் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும் டகாடக் என்ற குறு வீடியோச் செயலியை எம்எக்ஸ் தொடங்கியது. அது பின்னர் மோஜ் செயலியோடு சேர்ந்தது. 2024 அக்டோபரில் அமேசான் கைக்குப் போய், அதன் மினிடிவியோடு இணைந்து, பெயரே அமேசான் எம்எக்ஸ் பிளேயர் என்றாயிற்று.

இதைக் குற்றப்பத்திரிகையாக எழுதவில்லை. ரம்யா கிருஷ்ணன் நடிக்க, கௌதம் வாசுதேவ் மேனனும் பிரசாத் முருகேசனும் இயக்கிய 'குயின்' தொடர் 2019 டிசம்பரில் எம்எக்ஸில்தான் வந்தது. மாதச் சந்தா கட்ட முடியாதவர்களும் அதைப் பார்த்தார்கள். வெளிநாட்டுத் தொடர்கள் தமிழ்க் குரலில் கிடைத்தன. படப்பிடிப்புக்கும் சர்வருக்கும் ஆகும் செலவை விளம்பரம்தான் கொடுக்க வேண்டும்; அந்த ஏற்பாட்டில் தவறில்லை. ஆனால் கோப்பை ஓட்டுவதற்காக ஒருவர் தேர்ந்தெடுத்த செயலியில், அந்த வேலை பல பகுதிகளில் ஒன்றாகிவிட்டது. முகப்பில் என்ன தெரிய வேண்டும் என்பதை இப்போது தீர்மானிப்பவர், அவர் தேர்ந்தெடுத்தபோது இருந்தவர் இல்லை.

விஎல்சிக்கும் இப்படிப்பட்ட அழைப்புகள் வந்தன. செயலியோடு விளம்பரத்தையோ வேறு மென்பொருளையோ சேர்த்துக் கொடுத்தால் பல கோடி யூரோ தருகிறோம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாக கெம்ப் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2025 ஜனவரியில் விஎல்சி 600 கோடிப் பதிவிறக்கங்களைத் தாண்டியது. அத்தனைக்குப் பின்னும் வீடியோலேன் சங்கம் பெருமளவு நன்கொடையில் நடக்கிறது. பணம் குறைவு என்பதன் விளைவும் தெரிகிறது. கணினிக்கான 3.0 பதிப்பு 2018 பிப்ரவரியில் வந்தது. அடுத்த பெரிய பதிப்புக்கான காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. டேப்லெட்டிலும் அதன் தோற்றம் சற்று வறண்டது. அமைப்புகள் பக்கம் புதியவரைத் திணறடிக்கும். நுணுக்கமான விரல் அசைவுகளில் எம்எக்ஸ் வெகு காலம் முன்னே இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பணபலமும் உள்ளூர்ச் செல்வாக்கும் இல்லாததால் வரும் ஆபத்தை 2022இல் நாமே பார்த்தோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் வீடியோலேன் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. தங்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லை என்றார்கள் வீடியோலேன் தரப்பினர். பிளே ஸ்டோரில் செயலி கிடைத்துக்கொண்டிருந்தது, தளம் மட்டும் திறக்கவில்லை. அதனால் கணினிக்கு விஎல்சி தேடியவர்கள் நம்பகமில்லாத தளங்களின் பக்கம் போக நேர்ந்தது, அங்கே போலிப் பதிப்புகள் கிடைக்கக்கூடும். இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற தில்லி அமைப்பின் துணையோடு அக்டோபரில் சட்ட அறிவிப்பு அனுப்பினார்கள். நவம்பரில் முடக்கம் நீங்கியது. பெரிய முதலாளி பின்னால் இருக்கும் செயலிக்கு இப்படி ஒன்பது மாதம் ஆகியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அன்றாடப் பயன்பாட்டுக்கு வருவோம். டேப்லெட்டில் விஎல்சியைத் திறந்தால் உங்கள் கோப்புகளின் பட்டியல் வருகிறது, வேறெதுவும் வருவதில்லை. கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. இணையம் இல்லாத ரயிலிலும் கிராமத்திலும் அதே முகம்தான். வீட்டுக் கணினியில் பகிர்ந்து வைத்த கோப்புறையை வைஃபை வழியாகவே திறந்து ஓட்டும். பென் டிரைவை ஓடிஜி இணைப்பியில் செருகினாலும் படிக்கும். ஒலி முந்திக்கொண்டால் மில்லிநொடிக் கணக்கில் பின்தள்ளலாம், சப்டைட்டிலையும் அப்படியே நகர்த்தலாம். பாடம் கேட்கும் மாணவர் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். திரையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்கலாம். எம்எக்ஸிலும் இவற்றில் பெரும்பாலானவை உண்டு, சில இன்னும் நயமாகவே உண்டு. தொடர்களும் படங்களும் இலவசமாகப் பார்க்க வேண்டும், விளம்பரம் பரவாயில்லை என்பவர்களுக்கு எம்எக்ஸ் நல்ல தேர்வு. அவர்கள் அதை ஓடிடி செயலி என்று தெரிந்தே நிறுவிக்கொள்ளட்டும்.

சொந்தக் கோப்புகளை ஓட்டுவதற்கு என்று கேட்டால் என் பரிந்துரை விஎல்சி. குறிப்பாக, வயதான பெற்றோருக்கோ பள்ளிப் பிள்ளைக்கோ டேப்லெட்டைத் தயார் செய்து கொடுக்கும்போது இதையே போடுங்கள். கொடுத்துவிட்டு நீங்கள் ஊருக்குத் திரும்பிய பின்னும், அடுத்த ஆண்டும், அது அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். பிளே ஸ்டோரிலிருந்தோ வீடியோலேனின் சொந்தத் தளத்திலிருந்தோ மட்டும் இறக்குங்கள். வெளியிட்டவர் பெயர் வீடியோலேப்ஸ் என்று இருக்கிறதா என்று பிளே ஸ்டோரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கெம்ப் தொடங்கிய நிறுவனம் அது. முடிந்தால் வீடியோலேன் தளத்தில் ஒரு சிறு தொகையை நன்கொடையாகக் கொடுங்கள். பணம் கொடுக்க முடியாதவர்களும் உதவலாம்: விஎல்சியின் தமிழ் முகப்பு தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது, அதைத் திருத்திச் செம்மைப்படுத்தத் தமிழ் நன்கு தெரிந்தவர்கள் தேவை.